கையும் கருத்தும்: பிரபுல்ல சந்திர ராயின் வாழ்வும் பணியும்

விஞ்ஞான வரலாறு வகுப்பறைகளிற் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. இன்ன வாயுவை இன்னார் கண்டார், இன்ன விதியை இன்னார் வகுத்தார் என்று மாணவன் மனனஞ் செய்கின்றான். பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகின்றான். அப்பட்டியலில் ஆசிய நாட்டவர் பெயர்கள் அருகியே காணப்படுவதால், விஞ்ஞானம் மேனாட்டார் மூளைக்கே உரியதொரு தனிச்சொத்து என்ற எண்ணமும் அவனை அறியாமலே அவனுள்ளத்திற் பதிந்து விடுகின்றது. இவ்வெண்ணத்தை மறுக்கப் புகுவோருட் பலர் மற்றோர் எல்லைக்கு ஓடுகின்றனர். மேனாட்டார் கண்டன யாவற்றையும் நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளில் என்றோ எழுதி வைத்துவிட்டனர் என்று மேடையேறி முழங்குகின்றனர். முன்னையது அடிமை மனப்பான்மை. பின்னையது அவ்வடிமை மனப்பான்மையே மாறுவேடம் பூண்டு வந்த வீண்பெருமை.

இவ்விரண்டையும் ஒருங்கே மறுத்தவர் வங்காளத்து இரசாயன அறிஞர் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய். தம் நாட்டிலே விஞ்ஞானம் இருந்ததா, இருந்ததெனின் அது ஏன் பட்டுப்போயிற்று, அதனை மீண்டுந் துளிர்க்கச் செய்வது எங்ஙனம் என்ற மூன்று வினாக்களை அவர் எழுப்பினார். முதல் வினாவுக்கு நூலாலும், இரண்டாவது வினாவுக்குத் தயக்கமற்ற சமுதாய விமர்சனத்தாலும், மூன்றாவது வினாவுக்குத் தம் வாழ்க்கையாலும் விடை தந்தார். இந்தியாவின் நவீன இரசாயனவியலின் தந்தை என்று அவர் போற்றப்படுகின்றார். ஆய்வுகூடத்தில் அவர் கண்ட சேர்வைகள் பல. ஆயினும், கையும் கருத்தும் பிரிந்து நிற்கும் சமுதாயத்திலே விஞ்ஞானம் வாழாது என்பதே அவர் கண்ட உண்மைகளுட் பெரியது என்பது நம் துணிபு.

1861 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆந் திகதி, கிழக்கு வங்காளத்திலுள்ள ராருலி என்னும் கிராமத்திலே ராய் பிறந்தார். இக்கிராமம் இன்று பங்களாதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ளது. மகாகவி தாகூர் பிறந்ததும் அதே ஆண்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலவுடைமையாளர். எனினும் புதிய கருத்துகளுக்கு மனக்கதவைத் திறந்து வைத்திருந்தவர். தம் கிராமத்திலே பாடசாலை நிறுவியவர். வீட்டிலே நல்லதொரு நூலகத்தையும் வைத்திருந்தவர். 1870 இற் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. ஹெயார் பாடசாலையிற் படித்துக் கொண்டிருந்த சிறுவனைக் கடுமையான வயிற்றுளைவு நோய் பீடித்தது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் பாடசாலைப் படிப்பு நின்றது. அந்நோய் அவரை வாழ்நாள் முழுவதும் மெலிந்த உடலினராக ஆக்கிற்று. ஆனால் அவ்விரண்டாண்டுகளிலே தந்தையாரின் நூலகமே அவருக்குப் பாடசாலையாயிற்று. பாடத்திட்டத்தின் வேலிகளைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் அங்கே தோன்றியதாகும்.

பின்னர் ஈஸ்வர சந்திர வித்தியாசாகரர் நடத்திய மெற்றோபொலிற்றன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு விஞ்ஞானத்துக்குப் போதிய வசதி இருக்கவில்லை. ஆகவே பிரசிடென்சிக் கல்லூரிக்கு வெளிமாணவராகச் சென்று, அலெக்சாந்தர் பெட்லர் நிகழ்த்திய இரசாயன விரிவுரைகளைக் கேட்டார். விரிவுரையோடு செய்து காட்டப்பட்ட பரிசோதனைகளே இலக்கிய நாட்டம் மிக்கிருந்த இளைஞரை இரசாயனத்தின்பால் ஈர்த்தன. 1882 இல் இந்தியா முழுவதற்குமாக நடந்த போட்டிப் பரீட்சையில் கில்கிறிஸ்ற் புலமைப்பரிசில் பெற்று எடின்பரோப் பல்கலைக்கழகஞ் சென்று, அலெக்சாந்தர் கிறம் பிறவுன் என்னும் பேராசிரியரின் மாணவரானார். 1887 இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார்.

எடின்பரோவில் அவர் வெறும் பட்டங் கருதிய மாணவராக இருக்கவில்லை. 1857 இன் எழுச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலைபற்றிப் பல்கலைக்கழகம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. விஞ்ஞானப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த ராய், அப்படிப்பைச் சிறிதுகாலம் ஒதுக்கிவைத்துப் பொருளியல் நூல்களையும் வரலாற்று நூல்களையும் துருவினார். அவர் எழுதிய கட்டுரை ஆங்கில ஆட்சியை வன்மையாகக் கண்டித்தது. பரிசு வேறொருவருக்குச் சென்றது. ராயின் கட்டுரை பாராட்டை மட்டும் பெற்றது. 1886 இல் அதனை அவர் நூலாகவே வெளியிட்டார். ஆய்வுகூடத்தின் சாளரத்தை மூடிக்கொண்டு விஞ்ஞானம் செய்ய இயலாது என்பதை இருபத்தைந்து வயதிலேயே அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

1888 இல் தாயகந் திரும்பிய ராயைக் குடியேற்ற ஆட்சி வரவேற்ற விதம் நாம் அறிந்து கொள்ள வேண்டியதாகும். அக்காலத்திற் கல்விச்சேவையின் உயர்தரம் நடைமுறையில் ஆங்கிலேயருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தியர் எத்துணைத் தகைமை பெற்றிருப்பினும் மாகாணச் சேவை என்ற கீழ்த்தரத்திலேயே அமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ ஓராண்டு காலம் வேலையின்றி, பெருமளவும் நண்பர் ஜகதீஷ் சந்திர போஸின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருந்த பின்னரே, 1889 இல் பிரசிடென்சிக் கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபா. தம்மினும் குறைந்த தகைமையுடைய ஆங்கிலேயர் உயர்தரத்தில் இருக்கத் தமக்கு ஏன் இந்நிலை என்று மேலிடத்திற் கேட்டபோது, விருப்பமில்லையெனில் வேறு தொழில் பார்க்கலாம் என்ற விடையே கிடைத்தது. ஆளும் இனத்தவரின் ஆணவம் என்று மட்டும் இதனைக் கொள்ளுதல் போதாது. ஆளப்படும் நாடு மூலப்பொருளைத் தரலாம், எழுதுவினைஞரைத் தரலாம், ஆய்வறிஞரைத் தரக்கூடாது என்ற ஏகாதிபத்திய நியதியின் சிறியதொரு வெளிப்பாடே இது.

ராய் வேறு தொழில் பார்க்கவில்லை. தமக்கு வாய்த்த வகுப்பறையையே போர்க்களமாக்கினார். அவரது முதற் பெரும் ஆய்வு எதைப்பற்றியது என்பதை நோக்குக. வங்காள மக்களின் அன்றாட உணவான நெய்யிலும் கடுகெண்ணெயிலும் வணிகர் செய்த கலப்படமே அவர் எடுத்துக்கொண்ட பொருள். தூய நெய் எது என்று தெரிந்தாலன்றிக் கலப்பு நெய்யைக் காட்டிக்கொடுக்க முடியாது. ஆகவே தம் கண்முன்னே பால் கறப்பித்து, தாமே நெய்யெடுத்து, அதன் இயல்புகளை அளந்தார். மூன்றாண்டு உழைப்பின் பயன் 1894 இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஏழையின் சட்டியிலிருந்து தொடங்கிய இவ்வாய்வு ராயின் மனப்போக்கை நன்கு உணர்த்துகின்றது.

இதனை அடுத்து, அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. வேறொரு சேர்வையை ஆக்கும் நோக்குடன், ஐதான நைத்திரிக்கமிலத்தை மிகுதியான இரசத்தின்மீது வினைப்படச் செய்தபோது, எதிர்பாராத வகையில் மஞ்சள் நிறப் பளிங்குகள் தோன்றின. கவனமற்ற ஆய்வாளன் கழுவியெறிந்திருக்கக்கூடிய அப்பளிங்குகளை ராய் பகுத்தாராய்ந்தார். அது மேர்க்கூரசு நைத்திரைற்று என்னும் புதிய சேர்வை என்பது தெளிவாயிற்று. அதன் இரு பகுதிகளும் எளிதிற் சிதைபவை. அவ்விரண்டும் கூடி நிலைத்து நிற்பதொரு பளிங்காவது இரசாயனவியலாருக்கு வியப்பூட்டுவதாக இருந்தது. 1896 இல் இச்செய்தி வெளியாயிற்று. அதன் பின்னர் நைத்திரைற்றுகளின் வரிசை முழுவதையும் அவரும் மாணவரும் ஆராய்ந்தனர். அமோனியம் நைத்திரைற்று வெப்பமேற்றியவுடன் நைதரசனாகவும் நீராகவும் பிரிந்துவிடும் என்பதே பொதுவான எண்ணம். அதனை வெற்றிடத்திலே கவனமாகச் சூடேற்றினால் ஒரு பகுதி பிரியாமலே ஆவியாகும் என்று காட்டி, அவ்வாவியின் அடர்த்தியையும் அளந்தார் ராய். 1912 இல் இலண்டன் இரசாயனக் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது வில்லியம் ராம்சே போன்ற முதன்மை அறிஞர் பாராட்டினர். ‘எளிதிற் சிதையும்’ என்று கைவிடப்பட்டவற்றைப் பொறுமையோடு பேணி நிலைநிறுத்திக் காட்டிய திறமே அவருடைய ஆய்வு முறையின் தனிச்சிறப்பாகும்.

ஆய்வுகூடத்தில் இரசத்தோடு பழகியவர் வரலாற்றிலும் இரசத்தைத் தேடிச் சென்றமை இயல்பே. பிரான்சின் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் மாசலின் பேர்த்தலோ, கிரேக்க, சிரிய, அரேபிய இரசவாத நூல்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். இந்திய இரசவாதம்பற்றி அவர் அறிய விரும்பியபோது, ராய் ஒரு சுருக்கமான ஆய்வை எழுதி அனுப்பினார். அதனை மதித்துப் பேர்த்தலோ 1898 இற் கட்டுரை எழுதியதோடு தம் நூற்றொகுதிகளையும் ராய்க்கு அனுப்பினார். அவற்றைக் கண்ட ராய், இத்தகையதொரு வரலாற்றைத் தம் நாட்டுக்கும் எழுதவேண்டும் என்று உறுதிபூண்டார். சிதறிக் கிடந்த சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, பொருள் கண்டார். இவ்வாறு எழுந்ததே இந்து இரசாயன வரலாறு என்னும் அவரது பெருநூல். முதற்பாகம் 1902 இலும் இரண்டாம் பாகம் 1909 இலும் வெளிவந்தன.

இந்நூல் நிறுவியவை யாவை? இந்திய மண்ணிலே இரசாயனம் வெறும் மந்திரமாக இருக்கவில்லை. அடுப்பும் மூசையும் துருத்தியுங் கொண்டு செய்யப்பட்ட தொழிலாக இருந்தது என்பதை அது நிறுவியது. சான்றாக ஒன்றை நோக்கலாம். ஏறத்தாழப் 13 ஆம், 14 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இரசரத்தின சமுச்சயம் என்னும் நூல், நாகம் என்னும் உலோகத்தை அதன் தாதிலிருந்து பிரித்தெடுக்கும் முறையைக் கூறுகின்றது. நாகத்தைப் பிரித்தல் எளிதன்று. தாதுவை உருக்கும் வெப்பநிலையில் நாகம் ஆவியாகிக் காற்றோடு கலந்து கெட்டுவிடும். ஆதலின் கத்தரிக்காய் வடிவிலே மூசை செய்து, தாதுவையும் கரிதரும் பொருள்களையும் அதனுள் அடைத்து, கவிழ்த்து வைத்துச் சூடாக்கி, கீழ்நோக்கி இறங்கும் ஆவியை நீரிலே குளிரச் செய்தல் வேண்டும் என்கின்றது அந்நூல். இது கற்பனையன்று என்பதற்கு மண்ணே சாட்சி கூறியுள்ளது. இராசத்தானத்துச் சாவர் என்னுமிடத்தில் 1980 களில் நடந்த அகழ்வாய்வுகளில், கத்தரிக்காய் வடிவக் களிமண் மூசைகள் அடுக்கப்பட்ட உலைகள் வெளிப்பட்டன. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் வில்லியம் சாம்பியன் இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738 இலேயே என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இவ்விடத்திலேதான் ராய் பழம்பெருமை பேசுவோரிடமிருந்து வேறுபடுகின்றார். பெருமையைக் கண்டவுடன் அவர் மாலை சூட்டி நிற்கவில்லை. ‘பின் ஏன் இது வளரவில்லை?’ என்று வினவினார். பழைய இரச நூலாசிரியருட் சிலர், தாம் பிறர் சொல்லக் கேட்டவற்றை எழுதவில்லை, தம் கையாற் செய்து பார்த்தவற்றையே எழுதுகின்றோம் என்று கூறியிருப்பதை ராய் சிறப்பாக எடுத்துக்காட்டுவார். அத்தகைய நூலாசிரியர் தோன்றிய நாட்டிலே, காலப்போக்கில் அக்குரல் ஏன் அடங்கிற்று? ஆய்வு ஏன் உரைக்கு உரை எழுதும் தொழிலாகச் சுருங்கிற்று?

ராய் தந்த விடை அக்காலத்து மேட்டுக்குடியினருக்குக் கசப்பானது. சாதியமைப்பு இறுகியதே முதற்காரணம் என்றார் அவர். தொழில்கள் பிறப்போடு கட்டுண்டன. கையால் உழைப்பது இழிவெனக் கருதப்பட்டுத் தாழ்த்தப்பட்டோர் தலையிற் சுமத்தப்பட்டது. உலோகத்தை உருக்கியவனுக்கும் தோலைப் பதனிட்டவனுக்கும் துணிக்குச் சாயமேற்றியவனுக்கும் எழுத்து மறுக்கப்பட்டது. எழுத்தறிந்தவனுக்கோ உலையும் தோலும் சாயமும் தீட்டாயின. ‘எப்படி’ என்பதை அறிந்தவன் ‘ஏன்’ என்று கேட்க வழியற்றவனானான். ‘ஏன்’ என்று கேட்கும் ஓய்வு பெற்றவன் பொருளைத் தொட்டுப் பார்க்க மறுத்தான். பிணத்தைத் தொடுதல் தீட்டென்று விதிக்கப்பட்டமையாற் சுசுருதர் வற்புறுத்திய உடலறுவை மருத்துவரிடமிருந்து நழுவி நாவிதரிடஞ் சென்றது. இவற்றோடு, காணும் உலகம் மாயை என்று போதித்த தத்துவமும் சேர்ந்து, பொருளுலகை ஆராயும் ஊக்கத்தை மழுங்கச் செய்தது. போயிலும் நியூற்றனும் போன்றோர் தோன்றுதற்கேற்ற நிலமாக இந்நாடு இல்லாமற்போனமைக்கு இவையே காரணங்கள் என்பது ராயின் முடிவு.

இம்முடிவை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டுமா? ராயின் கூற்றிலே குறைகள் இல்லாமலில்லை. சாதியை அவர் பெரும்பாலும் ஒரு சமய, ஒழுக்கக் கேடாகவே நோக்கினார். நிலத்தின் மீதும் உழைப்பின் மீதும் யார் ஆதிக்கம் செலுத்தினர், அவ்வாதிக்கத்தைக் காக்கச் சாதி எங்ஙனம் பயன்பட்டது என்ற வினாக்களை அவர் ஆழமாகத் துருவவில்லை. கைவினைஞரின் அறிவு முற்றாக அழிந்துவிடவுமில்லை. அது எழுத்தேறாமல் உலைக்களங்களிலும் தறிமேடைகளிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. அதற்குப் பேரடி கொடுத்தது குடியேற்ற ஆட்சியும் அதன் ஆலைப்பொருள்களுமாகும். சாதி கையையும் கருத்தையும் பிரித்தது. ஏகாதிபத்தியம் கையையே முடமாக்கியது. இவ்விரு அடிகளையும் சேர்த்து நோக்கும்போதே வரலாறு முழுமை பெறும்.

ஆயினும், மதக் கதைகளின் மயக்கத்திலே நாட்டுப்பற்று வளர்ந்து கொண்டிருந்த காலத்தில், பழம்பெருமையை நிறுவும் நூலிலேயே அப்பெருமையின் வீழ்ச்சிக்குச் சொந்தச் சமுதாயத்தின் அநீதியே காரணம் என்று எழுதியமை எத்துணைத் துணிவு! பிற்காலத்தில் மார்க்சிய அறிஞர் தேவிபிரசாத் சட்டோபாத்தியாயா பண்டை இந்திய விஞ்ஞானம்பற்றி எழுதியபோது, ராயின் இக்கருத்தையே அடித்தளமாகக் கொண்டு மேலும் வளர்த்துச் சென்றார். ராய் இட்ட வித்து வீணாகவில்லை.

நோயின் காரணத்தைக் கூறியதோடு ராய் நின்றுவிடவில்லை. கையையும் கருத்தையும் மீண்டும் இணைக்கும் முயற்சியைத் தம்மிடமிருந்தே தொடங்கினார். 1892 இல், கல்கத்தாவின் மேல்வட்ட வீதியில் 91 ஆம் இலக்க வாடகை வீட்டிலே, ஏறத்தாழ 700 ரூபா முதலுடன் அவர் தொடங்கிய சிறு மருந்துற்பத்தி நிலையமே பின்னர் ‘வங்காள இரசாயன மருந்துத் தொழிற்சாலை’ எனப் பெயர் பெற்றது. கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் அவர் வீடு திரும்பி மருந்து காய்ச்சுவார், வடிகட்டுவார், போத்தலில் அடைப்பார். மருந்துக்கு வேண்டிய பொசுபேற்று உப்பைச் செய்வதற்கு, இறைச்சிக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி வீட்டின் மொட்டைமாடியிற் காயவிட்டார். எதிர்பாராது பெய்த மழையில் எலும்புகள் அழுகி நாறின. காகங்கள் எலும்புத் துண்டுகளை அயல்வீடுகளிற் போட்டன. ஆசாரமுள்ள அயலவர் கொதித்தெழுந்தனர். எலும்புகளை நகருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துச் சாம்பலாக்க வேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சிரிப்புக்குரியதென்று தள்ளிவிடலாகாது. உயர்சாதி நிலவுடைமைக் குடும்பத்திற் பிறந்து, எடின்பரோவிற் கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியர் ஒருவர் மாட்டெலும்பைத் தொடுகின்றார், எரிக்கின்றார், அதன் சாம்பலிலிருந்து மருந்தை ஆக்குகின்றார். சாம்பல் நிலையை அடைந்தபின் அது மாட்டின் எலும்பென்றும் மனிதன் எலும்பென்றும் வேறுபாடற்ற வெறும் இரசாயனப் பொருளே. தீட்டென்னும் கொள்கைக்கு இதனினுஞ் சிறந்த மறுப்பு வேறில்லை.

மேனாட்டு மருந்துகளோடு, ஆடாதோடை, நிலவேம்பு, குடசப்பாலை, ஓமம் முதலிய நாட்டு மூலிகைகளிலிருந்தும் தரமறிந்து மருந்துகள் ஆக்கப்பட்டன. பழைமை என்பதற்காக மூலிகையைத் தள்ளவுமில்லை. அதே காரணத்துக்காகப் போற்றவுமில்லை. சோதித்துப் பயன் கண்டவற்றைக் கொண்டார். உடன் உழைத்த மருத்துவர் அமூல்ய சரண் போஸ் 1898 இற் கொள்ளை நோய்க்கு இரையானார். இடர்களைத் தாண்டி 1901 இல் அது வரையறுத்த கம்பனியாயிற்று. 1905 இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்தெழுந்தபோது, மாணிக்தலாவில் அதன் தொழிற்சாலை எழுந்தது. பெருந்தொழில்களின் தாயெனத்தக்க கந்தகவமிலமும் அங்கு ஆக்கப்பட்டது. எழுதுவினைஞர் வேலைக்கு மனுப்போட்டுத் திரிந்த பட்டதாரி இளைஞருக்கு, படிப்பைக் கொண்டு பொருளையும் ஆக்கலாம் என்று அத்தொழிற்சாலை காட்டிற்று.

படித்த வங்காளியின் மூளை எவ்வாறு வீணாக்கப்படுகின்றது என்பது பற்றி அவர் தாய்மொழியிலே காரசாரமான கட்டுரை எழுதினார். பட்டத்தையும் உத்தியோகத்தையும் வாழ்வின் எல்லையாகக் கொண்ட கல்வியை அவர் இடைவிடாது சாடினார். அந்நிய மொழியிற் படிப்பதால் மாணவனின் ஆற்றலிற் பெரும்பகுதி சொல்லை விளங்குவதிலேயே செலவாகிப் பொருளை விளங்குதற்கு எஞ்சுவதில்லை என்பது அவர் கருத்து. பிரசிடென்சிக் கல்லூரியின் ஆங்கிலச் சூழலிலும் வகுப்பறையில் வங்காளத்திலே விளக்கஞ் சொல்வதற்கு அவர் தயங்கியதில்லை. சிறுவர்க்கு வங்காள மொழியிலே விலங்கியல் நூலும் எழுதினார். உழைக்கும் மக்களின் கை அறிந்தவற்றைக் கற்றோரின் கருத்து அறிய வேண்டுமாயின், இருவருக்கும் பொதுவான மொழியிலன்றி வேறெவ்வாறு இயலும்?

ஆசிரியராகிய நமக்கு அவர் வாழ்விலே மிக நெருக்கமான பகுதி அவருடைய மாணவர் பரம்பரையாகும். முதனிலை மாணவர்க்குத் தொடக்கப் பாடம் எடுப்பதை அவர் இளையோரிடம் விட்டுவிடவில்லை. ஈரமண்ணிலேதான் குயவன் விரும்பிய வடிவை வனையலாம் என்பதை நன்கறிந்தவர் அவர். நீலரத்தன் தர், ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகிய இரசாயன அறிஞரும், மேகநாத் சாகா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகிய பௌதிக அறிஞரும் அவரிடம் பயின்றவர்கள். இவர்களுட் சாகாவின் வரலாறு தனியாக நோக்கத்தக்கது. டாக்காவுக்கு அண்மையிலுள்ள கிராமத்தில், தாழ்வாகக் கருதப்பட்ட சாதியிலே, சிறு கடைக்காரரின் மகனாய்ப் பிறந்த சாகா, கல்கத்தாவின் இந்து மாணவர் விடுதியில் உயர்சாதி மாணவரோடு ஒருங்கிருந்து உண்ண அனுமதிக்கப்படவில்லை. நூலிலே ராய் எழுதிய நோய், அவருடைய வகுப்பிலேயே மாணவனாக வந்து அமர்ந்திருந்தது! 1917 இல் இந்தியத் தேசிய சமூக மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ராய், சாதிக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார் என்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் தகும்.

1916 இல் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ராய், கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியரானார். தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர் இந்தியப் பேராசிரியருக்கென்றே வழங்கிய நன்கொடையால் அமைந்த பதவி அது. அறுபது வயதை அடைந்த 1921 முதல் 1936 இல் இளைப்பாறும்வரை, தம் சம்பளம் முழுவதையும் இரசாயனத் துறையின் வளர்ச்சிக்கே அவர் விட்டுக்கொடுத்தார். மணஞ் செய்யாத அவருக்கு அக்கல்லூரியின் ஓர் அறையே வீடு. ஏழை மாணவர் சிலர் அவருடனேயே தங்கியிருந்தனர். 1924 இல் இந்திய இரசாயனக் கழகத்தை நிறுவி அதன் முதற்றலைவரானார்.

1922 இல் வடவங்காளத்தை வெள்ளம் சூறையாடியது. அரசு அசைய மறுத்தது. ராய் நிவாரணக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். விஞ்ஞானக் கல்லூரியே நிவாரண நிலையமாயிற்று. சுபாஷ் சந்திர போஸ் உட்பட இளைஞர் பலர் வெள்ளத்தில் இறங்கி உழைத்தனர். முன்னாண்டிலே குல்னாப் பகுதியிற் பஞ்சம் வந்தபோதும் ராய் இவ்வாறே மக்களிடஞ் சென்றிருந்தார். விஞ்ஞானம் காத்திருக்கலாம், சுயராச்சியம் காத்திருக்க இயலாது என்னும் பொருள்பட அவர் கூறியது அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது. எனினும் விஞ்ஞானத்தை அவர் காத்திருக்க விடவுமில்லை என்பதே உண்மை.

அவருடைய குறைகளையும் சொல்லியாக வேண்டும். சுயசரிதையில், வங்காளத்தின் வணிகம் பிற மாகாணத்தார் கைக்குச் சென்றதைக் குறித்து அவர் மிக வருந்தி எழுதினார். சுரண்டலை வர்க்கத்தின் வினையாகக் காணாது, ஊராரின் வினையாகக் கண்ட பார்வை அது. முதலாளி எவ்வூரினன் என்பதனால் உழைப்பவனின் கூலி உயர்ந்துவிடுவதில்லை. இரசாயனத் தொழிற்சாலையை நிறுவிய கையே பிற்காலத்தில் இராட்டையையும் ஏந்தியது. கிராமத்து ஏழைக்கு உடனடி உதவி வேண்டும் என்ற இரக்கம் அதிலே இருந்ததெனினும், இராட்டையால் நாட்டின் வறுமை தீராது. இவ்விடத்தில் மாணவரே ஆசானை மிஞ்சினர். பெருந்தொழிலும் திட்டமிட்ட பொருளாதாரமுமே வழி என்று சாகா வாதாடினார். 1938 இல் தேசியத் திட்டக்குழு அமைவதற்கு அவ்வாதம் பெரிதும் உதவியது. தம் கருத்தோடு மாறுபட்ட மாணவர்மீது ராய் சினங் கொள்ளவில்லை. விஞ்ஞானச் செய்தியை மக்களிடம் பரப்புவதற்கு 1935 இற் சாகா தோற்றுவித்த சங்கத்தின் முதற்றலைவராக அமர்ந்தவர் ராயே.

1943 இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது, இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். விளைச்சற் குறைவினும், போர்க்கால ஆட்சியின் கொடுமையும் பதுக்கல் வணிகரின் பேராசையுமே அவர்களைக் கொன்றன. முன்னைய பஞ்சத்திலும் வெள்ளத்திலும் முன்னின்ற முதியவர் அப்போது படுக்கையில் இருந்தார். 1944 ஆம் ஆண்டு யூன் 16 ஆந் திகதி, விஞ்ஞானக் கல்லூரியின் அவ்வறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் தொடங்கிய தொழிற்சாலை 1980 இல் இந்திய அரசின் உடைமையாயிற்று. 2011 இற் பிரித்தானியாவின் வேத்தியல் இரசாயனக் கழகம், அவரது 150 ஆவது பிறந்த ஆண்டையொட்டி நினைவுச்சின்னம் வழங்கிப் பெருமைப்படுத்தியது.

நினைவுச்சின்னங்கள் நல்லனவே. ஆனால் ராய் எழுப்பிய வினா சின்னத்தோடு முடிந்துவிடுவதன்று. பரிசோதனைக்குழாயைத் தொடாமலே இரசாயனத்தில் உயர்ந்த புள்ளி பெறும் மாணவன் இருக்கும் வரையும், கூலியாளின் மகன் ஆய்வுகூடத்தை வெளியே நின்று பார்க்கும் வரையும், ஏட்டிலே பழம்பெருமை தேடுவோர் அப்பெருமையை ஆக்கிய கைகளுக்குத் தம் வாயிலை அடைத்திருக்கும் வரையும் அவ்வினா உயிரோடிருக்கும். பிரிந்த கையையும் கருத்தையும் இணைத்தல் தனியொருவர் தியாகத்தால் மட்டும் நிறைவேறக்கூடியதன்று. உழைப்பவனே கற்பவனாகவும் கற்பவனே உழைப்பவனாகவும் வாழத்தக்க சமுதாயத்திலேயே அது முற்றுப்பெறும். ஆயினும் அச்சமுதாயத்தை நோக்கிய முதலடியை எந்த வகுப்பறையிலும் எடுத்து வைக்கலாம் என்பதற்கு, மாதம் 250 ரூபாச் சம்பளத்திற் பணி தொடங்கிய அவ்வாசிரியரின் வாழ்க்கையே சான்றாகும்.